கோதுமை ஆகாத பிள்ளைக்குக் கடைச் சாப்பாடு



நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய பத்து வயது மகளுக்கு இரண்டு வருடமாகத் தீராத வயிற்றுப்போக்கு. உடம்பில் இரத்தம் இல்லை. வகுப்பிலேயே அவள்தான் ஆகக் குட்டை. கடைசியில் பெரிய மருத்துவமனையில் குடலைப் பரிசோதித்துப் பார்த்து, "இவளுக்குக் கோதுமை ஆகாது, வாழ்நாள் முழுவதும் தொடக்கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வீட்டில் ஒருவாறு சமாளித்துக்கொள்கிறோம், ஆனால் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துப் போனால் எதைத் தைரியமாக வாங்கிக் கொடுப்பது என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: "ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும் என்கிறார் என் மாமியார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?"

மாமியாருக்கு உரிய பதிலை முதலில் சொல்லிவிடுவோம். அது தெரிந்தால்தான் கடையில் நம் வாய் திறக்கும்.

ஜோர்ஜ்டவுனில் ஜாலான் டிரான்ஸ்ஃபர் பக்கம் காலையில் போனவர்கள் ரொட்டி சானாய் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகல மாவுருண்டையை எண்ணெய் தடவிய பலகையில் தட்டி, இரண்டு கையாலும் பிடித்து வீசுகிறார். அது கைக்குட்டையாக விரிகிறது. இன்னொரு வீச்சில் துண்டாகிறது. மூன்றாவது வீச்சில் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய வேட்டியாகிறது. ஆனால் கிழிவதில்லை. அரிசி மாவைப் பிசைந்து இப்படி வீசிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகத்தில்தான் விழும்! கோதுமை மாவைக் கிழியாமல் இழுத்துப் பிடிக்கும் அந்தப் புரதத்துக்குப் பெயர்தான் குளூட்டன். தமிழில் பசையம் என்கிறார்கள். கோதுமையில் இருக்கிறது, பார்லியில் அதன் தம்பி இருக்கிறான், மேல்நாட்டார் ரொட்டி சுடும் ரை என்ற தானியத்திலும் இருக்கிறது. நம் அரிசியில் இல்லை. உளுந்து, பயறு, கடலை, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, மரவள்ளி, சவ்வரிசி ஆகிய எதிலும் இல்லை.

பெரும்பாலோருக்கு இந்தப் பசையம் ஒரு கெடுதலும் செய்வதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே அமைந்த தன்மையால், உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே பசையத்தைக் கண்டதும் வெகுண்டு தன் சொந்தக் குடலை அடிக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுகுடலின் உட்சுவரில் பூந்துவாலை இழைகளைப் போல நுண்ணிய விரல்கள் உண்டு. சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதாம். அந்த விரல்கள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. பிறகு எத்தனை முட்டை, எத்தனை கீரை கொடுத்தாலும் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உடம்பில் ஒட்டாமல் வெளியேறுகின்றன. இரத்தச் சோகை, வயிற்று உப்பல், வளர்த்தி குன்றல், எலும்பு பலவீனம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்த கதையையும் சொல்லியாக வேண்டும். ஹாலந்து நாட்டில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குக் கோதுமையால்தான் கேடு என்று 1930-களிலேயே அவருக்கு ஐயம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45-இல், அந்த நாட்டில் பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியால் வாடியபோது இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள்! போர் முடிந்து ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-இல் அவர் தம் ஆராய்ச்சியை உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முறையாக எழுதி வைத்தார். அதே போர்க்காலத்தில் நம் தோட்டங்களில் சப்பான்காரன் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாம். அன்று இந்த நோய் யாருக்காவது இருந்திருந்தாலும் வெளியே தெரிந்திருக்காது. அதற்கும் முன்னே, 1924-இல், நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருக்கிறது என்று எண்ணினார்கள். உண்மையில், பழம் வந்த இடத்தில் ரொட்டி போய்விட்டது, அவ்வளவுதான்.

இது வெள்ளைக்காரர் வியாதி, நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். 2015-இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில், 562 ஆரோக்கியமான இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்ததில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் இந்நோயின் அடையாளம் தென்பட்டது. மூன்று இனத்தாரும் அதில் இருந்தார்கள்.

இப்போது மாமியாரின் "ஒரு வாய்" கணக்குக்கு வருவோம். ஒரு ரொட்டித் துண்டில் சுமார் 2 கிராம் பசையம் இருக்கும். அதாவது 2,000 மில்லிகிராம். இந்நோய் உள்ளவர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2007-இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் குடலின் விரல்கள் தேயத் தொடங்கியிருந்தன. ஒரு துண்டை நாற்பது கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் இந்த 50 மில்லிகிராம். ஒரு வாய் அல்ல, வாயில் ஒட்டும் துணுக்கு! அனைத்துலக உணவுத் தர விதியும், பசையம் இல்லாதது என்று எழுதி விற்கும் பண்டத்தில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. அம்மா, மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். "அத்தை, வெள்ளிக்கிழமை சைவச் சாம்பாரில் கவிச்சிக் கரண்டியை விட்டால் நீங்கள் அதைச் சாப்பிடுவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கரண்டித் தீட்டு நன்றாகவே புரியும். அதுதான் இங்கேயும். ஒரு வித்தியாசம்: இந்தத் தீட்டு நெருப்பில் போகாது. கொதிக்க வைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் பசையம் பசையமாகவே இருக்கும்.

இனிப் பட்டணத்துக்குப் போவோம்.

ஃபெரியை விட்டு இறங்கி லிட்டில் இந்தியா பக்கம் நடந்தால் நமக்குத் தெரிந்த சாப்பாட்டுக் கடைகள். இட்லி, அரிசியும் உளுந்தும். அதைவிடப் பத்திரமான பண்டம் உலகத்தில் குறைவு. மேல்நாட்டில் இந்த நோய்க்காரர்கள் தனிக் கடை தேடிப் கூடுதல் விலை கொடுத்து ரொட்டி வாங்கும்போது, நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகத் தட்டில் ஊற்றி அவித்துக் கொடுத்திருக்கிறார்கள். தோசையும் அப்படித்தான், ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை. சில கடைகளில் முறுகலாக வர வேண்டும் என்று மாவில் ரவையோ மைதாவோ கலப்பதுண்டு. அடுத்தது கல். அதே கல்லில் சற்று முன் ரொட்டி சானாயும் சப்பாத்தியும் ரவா தோசையும் வெந்திருக்கும். அதனால் காலை நேரத்தில், ரொட்டி மாவு பறந்துகொண்டிருக்கும்போது, தோசை வேண்டாம், இட்லி போதும். இடியாப்பம் அரிசி மாவில் ஆனது. அரிசிப் புட்டும் அப்படியே. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் வேண்டாமென்று சொல்லாது.

சட்னியைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. சாம்பாரில்தான் ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அசல் பெருங்காயம் கொஞ்சம்தான். மீதிக்குப் பிசினும் மாவும் சேர்ப்பார்கள். அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை மாவு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். ஆகவே, "அண்ணே, சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடுறீங்க? டப்பாவைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. ரசத்துக்கும் இதே கேள்வி. உங்கள் வீட்டுச் சாம்பாருக்கும் இதே கேள்விதான் என்பதை மறந்துவிடாதீர்கள்! அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது.

மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. சோறு, கீரை, கூட்டு, தயிர், இவை நல்லவை. பாகற்காய்ப் பொரியலை மாவில் பிரட்டிப் பொரித்திருப்பார்கள். என்ன மாவு என்று கேட்க வேண்டும். அப்பளம் உளுந்துதான், ஆனால் அது பொரிந்த எண்ணெயில் பூரியும் பஜ்ஜியும் நீந்தியிருந்தால் அப்பளமும் ஆகாது. வடைக்கும் அதே கதை. கோழிப் பிரட்டலுக்கு நம் ஊரில் கிச்சாப் ஊற்றுவார்கள். பாயசம் சவ்வரிசி என்றால் ஊற்றச் சொல்லுங்கள். சேமியா என்றால் இலையை மடிக்கச் சொல்லுங்கள். கேசரியும் ரவைதான். பலகாரக் கடையில் ஜிலேபி, குலாப் ஜாமூன், கோதுமை அல்வா மூன்றையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

சைவக் கடையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இதை இரண்டு முறை படியுங்கள். சைவ ஆட்டிறைச்சி, சைவ மீன், சைவக் கோழி என்று விற்கிறார்களே, கடித்தால் நிஜ இறைச்சி மாதிரியே நார் நாராக இருக்கிறதே, அது பல நேரங்களில் வெறும் பசையம். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து கரைந்து போய், ரப்பர் போல ஒரு பிண்டம் மிஞ்சும். அதுதான் அந்த இறைச்சி. சீனர்கள் பல நூற்றாண்டாகச் செய்துவருவது. நம் கோயில் விருந்துகளிலும் கல்யாணப் பந்திகளிலும் இப்போது சர்வ சாதாரணம். சோயாவில் செய்வதும் உண்டு, அதிலும் கோதுமை கலந்திருக்கலாம். இந்தப் பிள்ளைக்கு ரொட்டியைவிட அதுவே மோசம். சைவம்தானே, சாதுவானதுதானே என்று அள்ளி வைத்துவிடாதீர்கள். பெயர் சைவமாக இருந்தாலும் இந்தப் பிள்ளைக்கு அது விஷம்தான்.

நாசி கண்டார் இல்லாமல் பினாங்கு ஏது? காவடித் தண்டு போல் தோளில் தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்களின் சோறு அது. சோறும் மீன் குழம்பும் பெரும்பாலும் பயப்பட வேண்டாதவை. ஆனால் அங்கே சுவையே குழம்பு கலப்பில் இருக்கிறது. ஒரே கரண்டி ஆறு பாத்திரத்தில் நீந்தி வரும். அந்த ஆறில் ஒன்றில் கிச்சாப் ஊற்றிய இறைச்சி இருக்கும். "பாய், தனிக் கரண்டியில ஒரே ஒரு குழம்பு மட்டும் ஊத்துங்க, புள்ளைக்கு ஒத்துக்காது" என்று சொல்லுங்கள். பாத்திரங்கள் கலங்காமல் இருக்கும் நேரத்தில், பகல் கூட்டத்துக்கு முன்னால் போனால் அவருக்கும் காது கேட்கும். பொரித்த கோழியும் பொரித்த கணவாயும் மாவு பிரட்டியவையாக இருக்கலாம், விட்டுவிடலாம்.

ஒட்டுக்கடைகளுக்கு வந்தால் கிச்சாப்தான் முதல் எதிரி. சோயா அவரையோடு கோதுமையையும் சேர்த்துப் புளிக்க வைத்துத்தான் வழக்கமான கிச்சாப்பை இறக்குகிறார்கள். சார் கொய்த்தியாவ் அரிசியில் செய்த பட்டைதான். ஆனால் கிச்சாப் இல்லாமல் அதை வறுப்பவர் இல்லை, வறுக்கும் சட்டியும் மஞ்சள் மீ புரண்ட சட்டி. அதனால் அது வேண்டாம். மீ வகைகள் எல்லாமே கோதுமை. அசாம் லக்சாவின் நூல் அரிசி மாவு என்பார்கள். வேறு மாவு கலந்ததா என்று கேட்க வேண்டும். மேலே ஒரு கரண்டி கறுப்பாக ஊற்றுகிறார்களே, இறால் கூழ், அதில் சில தயாரிப்புகளில் கோதுமை மாவு உண்டு. பசெம்போரில் மாவு பலகாரங்களைத்தான் நறுக்கிப் போடுகிறார்கள். கறிபாப், அப்பம் பாலிக், பொப்பியா எல்லாம் கோதுமைத் தோல். சாலையோரம் மண்சட்டியில் சுடும் தேங்காய்ப்பால் அப்பம் அரிசி மாவு என்றாலும், சிலர் கோதுமை மாவும் கலக்கிறார்கள், "அண்ணே, மாவுல கோதுமை கலந்திருக்கா?" என்ற ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

பிள்ளையின் முகம் வாடிவிட்டதா? நாசி லெமாக் இருக்கிறது. தேங்காய்ப்பால் சோறு, அவித்த முட்டை, கச்சான், வெள்ளரிக்காய். நெத்திலியை மாவில் பிரட்டவில்லையா என்று மட்டும் பாருங்கள். லெபோ கெங் குவீ சந்தில் வரிசை நிற்கும் சென்டோல் இருக்கிறது. பச்சைப் புழு என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதை வழக்கமாக அரிசி மாவிலோ பயற்று மாவிலோ பிழிகிறார்கள். எந்த மாவு என்று கேட்டுவிட்டு வாங்கிக் கொடுங்கள். தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் அவளுக்குத் தடையில்லை. ஜாதிக்காய்ச் சாறு, இளநீர், கரும்புச் சாறு, பப்பாளி, அன்னாசி, இவற்றுக்கெல்லாம் எந்த விசாரணையும் தேவையில்லை.

குடிப்பதில் இரண்டு பொறி இருக்கிறது. சூட்டுக்கு நல்லது என்று நாம் வாங்கும் பார்லித் தண்ணீர் ஒன்று. அது பார்லி என்பதால் கூடாது. மற்றொன்று மைலோ, ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள். மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி. பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் மைலோ வண்டி வந்து நின்றால் அந்தப் பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: முந்திய நாளே அவளுக்கென ஒரு சிராப் பாட்டிலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கலவைக் காப்பித் தூளில் வறுத்த தானியம் சேர்ப்பதுண்டு. பாக்கெட்டைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

கடைக்காரரிடம் பேசுவது எப்படி? குளூட்டன் என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. "அது எங்க கடையில இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ரொட்டியை வைப்பார்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மலாயில் கோதுமை "கண்டும்" (நம் காதுக்குக் கண்டும் காணாததும் போல ஒலிக்கும், அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்). "ஆனாக் சாயா தாக் போலே மாக்கான் கண்டும், பார்லி, கிச்சாப்" என்று சொன்னால் போதும். "தெப்போங் இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். தெப்போங் என்றால் எல்லா மாவும்தான். "தெப்போங் கண்டும்" என்று முழுப்பெயரும் சொல்ல வேண்டும். சீனர் கடையில் இன்னொரு குழப்பம். ஹொக்கியன் பேச்சில் கோதுமை மாவு "மீ ஹுன்", அரிசிச் சேமியா "பீ ஹுன்". நாமோ அரிசிச் சேமியாவை மீகூன் என்கிறோம்! வாயால் கேட்டால் நேர் எதிரான பதில் கிடைத்தாலும் கிடைக்கும். அதற்காகத்தான் ஒரு சின்ன அட்டை தயார் செய்யச் சொல்கிறேன். மலாயிலும் சீனத்திலும், தெரிந்தவர்களிடம் கேட்டு, "இந்தப் பிள்ளை கோதுமை, பார்லி, கிச்சாப் சாப்பிட்டால் நோய் வரும், கழுவிய சட்டியும் தனிக் கரண்டியும் வேண்டும்" என்று எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கடைகளில் பரிமாறுபவர்கள் பல நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களிடம் நிற்காமல், சமைப்பவரிடமோ முதலாளியிடமோ அட்டையை நீட்டுங்கள். பதில் சொல்பவர் யோசித்துப் பதில் சொன்னால் உட்காருங்கள். கேட்டு முடிப்பதற்குள் "எல்லாம் ஓகே, ஓகே" என்றால் எழுந்துவிடுங்கள். அடுத்த தெருவில் வேறு கடை இருக்கிறது.

கேட்க வெட்கமாக இருக்கிறது என்று சில தாய்மார்கள் சொல்வார்கள். ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்களும், மாட்டிறைச்சி தொடாதவர்களும், பூண்டு வெங்காயம் சேர்க்காத சீன சைவர்களும் ஒரே மேசையில் உட்காரும் நாடு இது. சாப்பாட்டில் கேள்வி கேட்பது இங்கே புதிதா என்ன?

பொட்டலப் பண்டத்துக்குச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின் கீழ், பசையமுள்ள தானியம் சேர்ந்த பொருளில் அதைச் சீட்டில் குறிப்பிட வேண்டும். "மெங்கண்டூங்கி" என்ற மலாய்ச் சொல்லைத் தேடுங்கள். 'அடங்கியுள்ளது' என்று பொருள். அதன் பக்கத்தில் கண்டும், பார்லி, குளூட்டன் ஏதாவது இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். பிள்ளைக்கே இந்தச் சொற்களைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பத்து வயதுக்கு இது பெரிய பாடமல்ல. ஆனால் தட்டில் போட்டுத் தரும் ஒட்டுக்கடைச் சாப்பாட்டில் சீட்டு ஏது? அங்கே நம் வாய்தான் சட்டம். பட்டணத்துப் புதிய காப்பிக் கடைகளில் 'பசையமற்ற கேக்' என்று எழுதிப் பெரிய விலை போடுகிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள் நாகரிகத்துக்காக அதை வாங்குவது அவர்கள் பாடு. நம் பிள்ளைக்கு வாங்குவதானால், அதே அடுப்பில், அதே கத்தியில் சாதாரணக் கேக்கும் வெட்டப்படுகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் வழிநெடுகப் பந்தல்களில் அன்பாகக் கொடுப்பதை மறுக்க முடியாமல் தவிப்பார்கள். தயிர்ச் சாதம், பானகம், மோர், பழம் என்று இருந்தால் பிரச்சினை குறைவு. மோரில் பெருங்காயம் கரைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளலாம். பிரட்டல் என்று எது வந்தாலும், கோயிலாயிற்றே, அது மேலே சொன்ன சைவ இறைச்சியாக இருக்க நிறைய வாய்ப்பு. இலையை நீட்டும் முன் கையைக் கூப்பி, "சோறு மட்டும் போதும் அண்ணே" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தார் கவனிக்க வேண்டியது நற்கருணை அப்பம், அது கோதுமை. பசையம் மிகக் குறைந்த அப்பத்தைத் திருச்சபை அனுமதிக்கிறது. பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் வழி சொல்வார்.

கல்யாண வீட்டுக்குப் போகும்போது வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்து அழைத்துப் போவதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது. பந்தியில் உட்காரட்டும், இலையில் சோறும் தயிரும் போடட்டும், பிள்ளைகளோடு சிரித்துப் பேசட்டும். பசியோடு உட்காருகிற பிள்ளைக்குத்தான் பக்கத்து இலை கண்ணை உறுத்தும். பட்டணம் போகும் நாளிலும் ஒரு டப்பாவில் நான்கு இட்லி பையில் இருந்தால், எந்தக் கடையும் சரிப்படாத வேளையில் பிள்ளை அழாது.

எல்லாம் பார்த்தும் ஒரு நாள் தவறிப் போய் வாயில் பட்டுவிட்டால்? சில மணி நேரத்தில் வயிறு உப்பலாம், வலிக்கலாம், போகலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அதை முறிக்கும் மருந்தோ கஷாயமோ கிடையாது. தண்ணீர் நிறையக் கொடுத்துப் படுக்க வையுங்கள். நிற்காமல் போனால் கிளினிக்குக்குப் போங்கள். இதைக் கோதுமை ஒவ்வாமை என்ற வேறொரு நோயோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வந்தால் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே உதடு வீங்கும், உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். அப்போது உட்கார்ந்து யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இதைப் படிக்கும் வேறு தாய்மார்கள், "என் பிள்ளைக்கும் இரத்தச் சோகைதான், இதுவாக இருக்குமோ?" என்று உடனே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சோகை வரப் புழுவிலிருந்து சத்துக் குறைவு வரை பல காரணம் உண்டு. சீலியாக்கா என்று பார்க்க ஓர் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலிலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்ப்பதும் இருக்கின்றன. பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் காலத்தில்தான் அந்தச் சோதனை உண்மை பேசும். நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம்.

நிபோங் திபால் அம்மாவுக்குக் கடைசியாக இரண்டு செய்தி. மகளுக்கு அந்த இரத்தப் பரிசோதனையை மருத்துவர் சொல்லும் தவணையில் மறுபடியும் செய்யுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் வீட்டுச் சமையலும் கடைச் சாப்பாடும் சரியாகப் போகிறது. இறங்காமல் நின்றால் எங்கோ ஒரு கரண்டி ஏமாற்றுகிறது என்று அர்த்தம், பெருங்காய டப்பாவிலிருந்து தேடத் தொடங்குங்கள். மற்றது, இந்த நோய் குடும்பத்தில் ஓடுவது. கூடப் பிறந்தவர்களில் பத்துக்கு ஒருவர் வரை இருக்கலாம் என்கிறார்கள். அவளுக்குத் தம்பி தங்கை இருந்தால், அவர்கள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அழைத்துப் போய் ஒரு துளி இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நீங்களும் அவளுடைய அப்பாவும்தான்.